திரும்பி வராத அலை

அபிலீன் ஊருக்கு வெளியே இருந்த காயலான் கடையில் ஷம்சுதீன் டிரக்கை நிறுத்தியபோது மத்தியானம் இரண்டு மணி.

ரிச்சர்ட்சன் நகரத்து டெலிகாம் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் ஆண்டெனா டிசைன் பண்ணிய மனிதர். லேஆஃப் ஆனபிறகு, இந்த 2003இல், டிரக் ஓட்டிப் பிழைக்கிறார். போன வாரம் பட்டப்பகலில் ஸ்டீயரிங்கிலேயே கண்ணயர்ந்துவிட்டார். சாலையோரத்தில் செதுக்கியிருந்த வரிப்பள்ளங்கள் சக்கரத்தின் கீழ் தடதடத்து எழுப்பியதால் உயிர் தப்பினார். மற்ற டிரைவர்களோடு பேச உதவும் சிபி ரேடியோ மாட்டி, யாரிடமாவது பேசிக்கொண்டே ஓட்டச் சொல்லி மனைவி பர்வின் அழுதாள். ரேடியோ வாங்கிவிட்டார்; ஆண்டெனாதான் பாக்கி.

நசுங்கிய டிரக் ஒன்றில் நாலடி ஃபைபர் ஆண்டெனா மட்டும் கீறல்கூட இல்லாமல் நின்றது. அதன் டிரைவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவர் என்றார் கடைக்காரர். ஷம்சுதீன் அதையே கழற்றிக்கொண்டார். களைத்தவனுக்குப் பயப்படக்கூடத் தெம்பு இருக்காது.

தன் டிரக்கின் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பியில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு இரும்பைத் தொடும்படி பிராக்கெட்டை முறுக்கினார். கேபிளைக் கதவிடுக்கு வழியாக இழுத்து, மீட்டரோடு இணைத்தார். எதையும் தொடங்குமுன் சொல்லும் பிஸ்மியைச் சொல்ல மறந்தது அப்போது உறைக்கவில்லை.

அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டர் காட்டும். எந்த ஆண்டெனாவிலும் கொஞ்சமாவது திரும்பும். ஆண்டெனாவே இல்லாவிட்டால் முழுக்கத் திரும்பி, முள் கடைசிக்கு ஓடும்.

இங்கே முள், மீட்டரின் தொடக்க எண்ணான ஒன்றிலேயே நின்றது. துளியும் திரும்பவில்லை.

யாரோ முழுதாக விழுங்கிக்கொள்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். பாவம், நன்றாக மாட்டியிருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டார்.

ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் கூப்பிட்டும் பதிலில்லை. கண் சொருகியது. அலுத்துப்போய்த் தமிழிலேயே புலம்பினார்.

"ரொம்ப டயர்டா இருக்கு. யாராவது பேசுங்களேன்."

இரைச்சல் அடங்கியது. கேபினில் ஈர மண் வாசனை.

"நான் டிரைவ் பண்றேன். நீ தூங்கு."

தமிழில்.

வண்டியை ஓரங்கட்டினார். ஆண்டெனாவைக் கழற்றிப் புதருக்குள் எறிந்தார். செல்லில் பர்வினை அழைத்து, தூங்க மாட்டேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றார்.

"பேசிக்கிட்டே வாங்க," என்றாள் அவள். ஆனால் சிக்னல் அறுந்தது.

சோதித்துப் பார்க்காமல் எஞ்சினியர் மனசு ஆறாது. பிஸ்மி சொல்லி, மைக்கை ஒரு நொடி அழுத்தினார்.

முள் ஒன்றிலேயே நின்றது.

இமைகள் கனத்தன. அவர் கை வைக்காமலே கியர் விழுந்தது.