பரவை ரோட்டில் நாலாவது கிளப்பு

அன்று காலை முன்கடையிலிருந்து கேட்ட குரலில் இருமல் இல்லை.

"அன்னக்கொடி! நாலு இட்லி!"

அது அவள் புருஷன் தவசியின் குரல். அவன் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்குள் இருமுகிற ஆள். அன்னக்கொடிக்கு அது உறைத்தது. ஆனால் கடை திறந்த பதினோரு நாளில் ஒருவர்கூடப் படியேறாதிருக்க, இன்று இட்லி கேட்கிறார்களே என்ற சந்தோஷத்தில் அதை மறந்துபோனாள்.

திண்டுக்கல் ரோட்டில், பரவைச் சந்தைக்கு வரும் வண்டிகள் நிற்கிற இடத்திலேயே அந்தக் கிளப்பு, சாப்பாட்டுக் கடை. அதை நம்பித்தான் ஊரில் வீட்டை விற்றுவிட்டு வந்தார்கள். வண்டிக்காரர்களோ மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, இந்த வாசலைத் திரும்பியும் பாராமல் நாலு கடை தள்ளிப் போய்ச் சாப்பிட்டார்கள். கிணற்றடிக்கு அவள் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். எதிரே சோடாக்கடை வைத்திருந்த வெள்ளைத்துரை முதல் நாளே, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் சொன்னான்.

"உங்களுக்கு முந்தி மூணு பேரு இங்கன கிளப்பு வச்சாக. ஒருத்தரும் காலி பண்ணிப் போனதை நாங்க பாக்கலை. தண்ணி, நெருப்புன்னு கேட்டு இங்கிட்டு மட்டும் வந்துராதீக."

அடுப்பங்கரைக்கும் முன்கடைக்கும் நடுச்சுவரில் தட்டு நீட்ட ஒரு பொந்து உண்டு. அதன்மேல் சாக்கு தொங்கும். இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழையில் நனைந்த விறகு எரியாமல் புகைந்து, கண்ணும் மூக்கும் ஒழுக, கூரையின் ஒழுக்கு சொட்டுச் சொட்டாக அண்டாவில் விழ, அவள் ஈடுக்குமேல் ஈடாக அவித்துத் தட்டைப் பொந்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். சாக்குக்கு அடியில் ஒரு கை வந்து தட்டை எடுத்துப்போனது. வெகுநேரம் தண்ணீரில் ஊறியதைப்போல விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மழையில் நனைந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆறு!"

"எம்புட்டுப் பேருங்க வந்திருக்காக?" என்று சிரித்தபடி கேட்டாள்.

மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அது அவள் மனசில் பட்டது. மழையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மாட்டைப் பற்றி, யுத்தத்தைப் பற்றி, அரிசி கிடைக்காததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்னி உறைக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை. எல்லாரும் மென்றார்கள். ஒரே வேகத்தில். எல்லாரும் சேர்ந்து விழுங்கினார்கள். சாக்கின் ஓரமாக வந்த வாடையில் சாம்பார் மணம் இல்லை. நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையின் வாடை. நனைந்த சாம்பலின் வாடை.

பின்கதவு திறந்தது. தலையில் காய்கறி மூட்டையோடு, தொப்பலாக நனைந்து, இருமிக்கொண்டே ஒருவன் குனிந்து உள்ளே வந்தான்.

தவசி.

"விடியமுன்னயே சந்தைக்குப் போனேன். மழைக்குச் சாவடியில ஒதுங்கி நின்னுட்டேன்." அவன் அடுப்பைப் பார்த்தான். "யாருக்குப் புள்ள இம்புட்டு இட்லி அவிக்கிற? நான் இன்னும் வாசப் பலகையவே எடுக்கலையே."

அவள் பொந்தைக் கைகாட்டினாள்.

"அன்னக்கொடி! சட்னி தீந்துபோச்சு!"

தவசியின் குரல். எதிரே நின்ற தவசியின் வாய் மூடியிருந்தது.

அவனும் கேட்டான். மூட்டை நழுவி விழுந்து கத்தரிக்காய் உருண்டது. அவன் ஒரு விறகுக்கட்டையை உருவினான். அவள் அவன் ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. வந்த வழியே போயிருவோம்."

"எங்க போறது? போறதுக்கு என்ன இருக்கு நமக்கு?"

அவள் கையை விலக்கிவிட்டு நடைவழியில் போனான்.

கட்டை தரையில் விழுந்தது. கத்தல் இல்லை. அடிதடி இல்லை. மெல்லும் சத்தம் நின்றது.

பிறகு மறுபடி தொடங்கியது. இப்போது கூட ஒரு வாய்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள்.

வாசல் பலகைகள் சாத்தியே இருந்தன. இடுக்குகளில் சாம்பல்நிற வெளிச்சம். அதில், தரையில், வரிசையாக இலைமுன் மூன்று பேர். தோளில் துண்டு. குனிந்த தலை. நாலாவதாகத் தவசி.

"என்னங்க."

அவன் நிமிரவில்லை. தலைமயிரிலிருந்து மழைநீர் இலையில் சொட்டியது. பிசைந்தான். வாய் நிறையத் திணித்தான். விழுங்குவதற்குள் இன்னொரு கவளம். கன்னம் கிழிவதுபோல் உப்பியது. கண் மட்டும் அவள்பக்கம் திரும்பி அழுதது. கை நிற்கவில்லை.

அவன் பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில், சுருண்டிருந்த ஒரு பச்சை இலை மெல்ல விரிந்தது.

அதன்மேல் யாரோ தண்ணீர் தெளித்தார்கள்.