மைனஸ் அறுநூறு

தையற்கடையின் பின்னறையில் இஸ்திரிப்பெட்டியின் சூடும் புதுத்துணி வாடையும் மண்டிக் கிடந்தன. வீடு வீடாகப் போய் காற்றைச் சோதிப்பவன் தன் கைமீட்டரை உயர்த்திப் பிடித்தான். மைனஸ் அறுநூறு என்று காட்டியது. விஷவாயு துளிகூட இல்லையென்றால் பூஜ்யம் வரும். அதற்கும் கீழே என்ன எழவு இருக்கிறது?

"சனியன்," என்று அதன் முதுகில் ஒரு தட்டு தட்டினான். மைனஸ் அறுநூறு.

உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் மடையர்கள் என்பது அவன் முடிவு. ஜன்னலைத் திறக்காதவன் மடையன். "ஒண்ணும் வாடை வரலையே" என்று மோந்து பார்ப்பவன் அடிமடையன். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, மூக்கை நம்பாதீங்க, மிஷினை நம்புங்க என்று ஊரெல்லாம் ஓதுவான். இன்று காலை அவன் வீட்டிலேயே ஒருத்தி ஆரம்பித்தாள்.

"என்னங்க, கேஸ் கீசரைப் போட்டாலே தலை சுத்துது. சுவத்துல இருக்கிற டப்பாவும் கத்துது."

சுவரில் மாட்டியிருந்த சென்சார் கத்தத்தான் செய்தது. அவன் கையிலிருந்த மீட்டரும் கூடவே கத்தியது. மழை ஈரத்தில் இரண்டும் உளறுகின்றன என்று அலுத்துக்கொண்டான். கீசரின் புகைக்குழாயில் புறா கொத்தும் சத்தம் பொறுக்காமல் போன வாரம் கந்தலைத் திணித்த கை தன்னுடையது என்பது மகானுபாவனுக்கு ஞாபகம் வரவில்லை. மீட்டருக்குப் பூஜ்யம் வைப்பதென்றால் மொட்டைமாடிக்குப் போய், திறந்தவெளிக் காற்றில் வைக்கவேண்டும். மேலே இன்னும் ஐந்து மாடி யார் ஏறுவது? நின்ற இடத்திலேயே இரண்டிலும் பூஜ்யம் வைக்கும் பொத்தானை அழுத்தினான். இரண்டும் வாயை மூடிக்கொண்டு பச்சைக்கு மாறின.

"பாத்தியா? பச்சைன்னா பயமில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டற வேலையைப் பாரு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கடையில் மீட்டரை எட்டிப் பார்த்த தையற்காரம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "சார், எனக்கு ஒரு சந்தேகம். துணியில மூணு இன்ச் உள்ள தள்ளி டேப்போட முனையை வெச்சு அளந்தா எல்லாமே மூணு குறைச்சலாத்தானே வரும்? நீங்க பூஜ்யத்தை எங்க வெச்சுப் பிடிச்சீங்க?"

துணி தைக்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. இங்கே இருப்பது நல்ல காற்று. அப்படியானால் காலையில் அவன் நல்ல காற்று என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது?

வீட்டுக்குப் போன் போட்டான். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள்.

"கதவைத் திற! பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா!"

"ஏங்க... பச்சையாத்தானே இருக்கு..." நாக்கு குழறியது. "நீங்கதானே சொன்னீங்க..."

அப்புறம் குரல் இல்லை. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு தெரு. ஓடினான். படியேறும்போதும் மீட்டர் கையில்தான் இருந்தது. முதல் மாடி, மைனஸ் அறுநூறு. இரண்டாவது மாடி, அதேதான். வீட்டு வாசல். மைனஸ் நானூறு. சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது. நுழைந்தது. உள்ளே எந்த வாடையும் இல்லை. சோப்பு மணம் மட்டும். மைனஸ் இருநூறு. கூடமெல்லாம் வெந்நீர். மைனஸ் ஐம்பது.

கீசர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு சுற்றிய பாப்பா. இரண்டு பேர் கன்னமும் ரோஜா நிறம். இத்தனை களையாக அவர்களை அவன் பார்த்ததே இல்லை. கூப்பிட்டான். உலுக்கினான். தலைகள் அவன் உலுக்கிய பக்கமெல்லாம் ஆடின.

மேலே சுவரில் டப்பா. சத்தமில்லை. பச்சை.

கையில் மீட்டர். பூஜ்யம்.