கவர்னர் வெட்டிய குலை

"அப்பா...!"

லோகேஸ்வரியின் அலறலில் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் செம்பனைத் தோட்டமே அதிர்ந்தது!

தோட்டக் கண்காணியாக இருந்து ஓய்வுபெற்ற மண்டோர் சுப்பிரமணியம் மரத்தடியில் கிடந்தார். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் அப்பிய, கனத்த பாமாயில் பழக்குலை. கையருகே நீளக் கம்பில் மாட்டிய அரிவாள்.

கொஞ்சம் தள்ளி, அரசாங்கத்தின் டத்தோ பட்டம் பெற்ற புவனேசன் நின்றிருந்தார். தோட்டத்தின் முதலாளி. பல ஆலைகளுக்கு அதிபர். வெள்ளிக்கிழமை ஒரு மாநிலத்தின் கவர்னராகப் பதவியேற்கப் போகிறவர். 'குலை வெட்டிய கை, கொடி ஏற்றும் கை' என்று ஊரெங்கும் பேனர் வேறு!

இன்ஸ்பெக்டர் ஷர்மினி குனிந்து பிணத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.

"என்ன நடந்துச்சு, டத்தோ?"

"பழைய ஞாபகத்துல ஒரு குலை வெட்டிக் காட்டுறேன்னாரு. வேணாம் லா அங்கிள்னு சொன்னேன். கேக்கல... நேரா தலையில விழுந்துருச்சு. பாவம்!"

"பொய்!" லோகேஸ்வரி சீறினாள். "'டத்தோ என் கீழ குலை வெட்டுன பையன்'னு அப்பாவை டிவியில சொல்லச் சொன்னாரு, மேடம். அப்பா முடியாதுன்னுட்டாரு. இவரு முதலாளி மகன், ஒரு நாள்கூட தோட்டத்துல இறங்குனதில்லன்னு ஊருக்கே சொல்லிடுவேன்னாரு. பேசலாம் வாங்கன்னு காலையில கூட்டிட்டு வந்து... கொன்னுட்டாரு!"

"துக்கத்துல உளறுது பொண்ணு. சின்ன வயசுலருந்து வெட்டுனவன் நான்!"

"அப்படியா? நல்லதாப் போச்சு," என்றாள் ஷர்மினி. "மட்டை எங்க, டத்தோ?"

"எந்த மட்டை?"

லோகேஸ்வரி சட்டென்று மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஷர்மினி தொடர்ந்தாள்.

"இவ்வளவு உயர மரத்துல, குலையைத் தாங்குற ஓலை மட்டையை முதல்ல வெட்டித் தள்ளிட்டுத்தான் குலையில கை வைப்பாங்க. கீழ ஒரு மட்டை இல்ல. மேல ஒரு வெட்டு இல்ல. எங்கம்மா தோட்டத்துல மட்டை இழுத்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க, டத்தோ. இந்தக் குலை மரத்துலருந்து விழல... உங்க கையிலருந்து விழுந்துச்சு!"

டத்தோவின் முகம் கறுத்தது. பாய்ந்தார். அரிவாளைக் கம்போடு சுழற்றினார்!

ஷர்மினியின் தோளில் சதை கிழிந்து ரத்தம் பீறிட்டது. அடுத்த வீச்சு லோகேஸ்வரியின் கழுத்தை நோக்கி...

'டுமீல்!'

முழங்கால் சிதறி டத்தோ சரிந்தார்.

"சொன்னபடி கேட்டிருந்தா உயிரோட இருந்திருப்பான் கிழவன்!" வலியில் உண்மை தெறித்து விழுந்தது.

லோகேஸ்வரி அப்பாவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கதறினாள்.

ஷர்மினி தோளைப் பொத்தியபடி டத்தோவுக்கு விலங்கை மாட்டினாள்.

"கவலைப்படாதீங்க, டத்தோ. ஜெயில்ல தோட்ட வேலை கத்துக் குடுப்பாங்களாம்... மட்டையிலருந்து ஆரம்பிக்கச் சொல்றேன்!"