இரண்டாவது மார்க்

அக்கா இதை என்னிடம் ஒரே தடவையில் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது கொஞ்சம், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம், சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்ட இடங்களில் கொஞ்சம். அந்த மௌனங்களை நானாக எதைக் கொண்டு நிரப்பினேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது என்று அவள் சொன்னாளா, நானே சேர்த்துக்கொண்டேனா என்பதுகூடச் சந்தேகம்தான். ஆனால் மழை இல்லாமல் அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதலில் வந்தது ஒரு எண்தான்.

அத்தான் இறந்து, வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய், வீடு பழையபடி இரண்டு பேருக்கான வீடாக, ஆனால் ஒருத்தி மட்டும் இருக்கும் வீடாக ஆன பிறகு, அக்கா ஒரு சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு மாணவியின் வீடியோவைப் பார்த்தாள். மார்க் போட்டாள். பக்கத்தில் காலியாக இருக்க வேண்டிய கட்டத்தில், அவள் போட்டதைவிட அரை மார்க் குறைவாக ஒரு எண் இருந்தது.

அக்காவும் அத்தானும் ஒரே செவிலியர் கல்லூரியில் ஆசிரியர்கள். படிப்பு இணையத்துக்கு மாறிய பிறகு, மாணவிகள் செய்முறைப் பயிற்சியை வீட்டிலேயே செய்து வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அம்மாவையோ தம்பியையோ நோயாளியாகப் படுக்கவைத்து, உடம்பு துடைத்துவிடுவார்கள், ஆளை எழுப்பாமல் விரிப்பை மாற்றுவார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போட வேண்டும். தன் மார்க்கைப் பதிவு செய்யும்வரை அடுத்தவர் போட்டது தெரியாது. இரண்டுக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டால் திரையின் ஓரத்தில் ஒரு பேச்சுப் பெட்டி திறக்கும். அதில் எழுதிப் பேசி, இருவரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு மாணவிக்குப் போகும்.

அக்கா கூடத்தில், அத்தான் உள்ளறையில். வாயால் பேசித் தீர்க்கக் கூடாது, எல்லாம் பெட்டியில் பதிவாக வேண்டும் என்பது விதி. அதனால் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுத்தில் சண்டை போடுவார்கள். மாணவிகளின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். இவர்களாக ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். கையை உடையிலேயே துடைத்துக்கொள்கிறவள் ஈரக்கை. தம்பி சிரித்துக்கொண்டே படுத்திருந்தால் நோயாளிக்கும் மார்க் குறைக்கலாமா என்று அத்தான் எழுதுவார். கல்லூரியில் அவருக்கே ஒரு பெயர் இருந்தது: அரை மார்க் சார்.

மறுநாள் அக்கா கல்லூரி ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்தாள். அந்த அம்மாள் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சாரோட பேரை இன்னும் எடுக்கலை மேடம். எடுக்கக் கை வரலை. வேற ஆளும் கிடைக்கலை."

"அப்ப யார் மார்க் போடறாங்க?"

"யாரும் போடலையே. இங்க அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க கொஞ்சம் தூங்குங்க மேடம்."

அக்கா தூங்கவில்லை. அடுத்த வீடியோவைத் திறந்தாள். அதற்கும் இரண்டாவது மார்க் இருந்தது. இந்த முறை வீடியோவின் ஓட்டத்தோடு குறிப்புகளும் வந்தன, அத்தான் எழுதுகிற மாதிரியே, நோயாளி பக்கம் நின்றுகொண்டு. தலையணையைத் தாடையில் இடுக்கிப் பிடிக்கிறாள். நோயாளிக்குக் கால் வெளியே தெரிகிறது, குளிரும். துணியைப் பிழிந்தது போதாது, காதில் சொட்டுகிறது.

மழை ஓட்டில் விழுகிற சத்தத்துக்கு அடியில், உள்ளறையில் விசைப்பலகை தட்டப்படுகிற சத்தம் கேட்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது, கிருமிநாசினியும் நனைந்த பஞ்சும் கலந்த ஒரு மணம் மட்டும் கதவின் அடியிலிருந்து தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது; அது பயத்தை வரவழைக்கும் மணம் இல்லை, வேலையின் மணம், முப்பது வருஷமாகத் தன் கையிலேயே இருக்கிற மணம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பயம் இருந்தது. அதைவிடப் பெரிய ஆசையும் இருந்தது. அந்த ஆசைதான் அவளை அந்தத் தப்பைச் செய்யவைத்தது. ஈரக்கையின் வீடியோ வந்தபோது, கை துடைக்கிற பழக்கம் ஒன்றைத் தவிரக் குறை சொல்ல முடியாத அந்த வேலைக்கு, அவள் ஃபெயில் மார்க் போட்டாள்.

பெட்டி திறந்தது.

"இது நியாயமில்லை" என்று எழுதியிருந்தது.

அக்கா திரையைத் தொட்டுக்கொண்டு அழுதாள். பிறகு எழுதினாள். எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, எங்கே இருக்கீங்க, எல்லாம். பதில் ஈரக்கையைப் பற்றி மட்டும் வந்தது. நோயாளியைத் திருப்பும் முன் சொல்லிவிட்டுத் திருப்புகிறாள், அதற்கு ஏன் மார்க் இல்லை. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் பெட்டி மூடிவிடும். தினமும் சாயங்காலம் ஒரு பொய்யான குறையைக் கண்டுபிடித்து எழுதுவாள், அவர் மறுப்பார். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். ஒரு பெண்ணின் முடிவு மாட்டிக்கொண்டு நிற்கிறது, ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருக்கிறது, முடிவு இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம், அழுகிறாள் என்றார்.

"இன்னும் பேசிட்டிருக்கோம்" என்றாள் அக்கா.

"யார்கூட மேடம்?"

அக்கா போனை வைத்தாள். அந்தப் பெண்ணின் அழுகை உறுத்தியது. இன்றோடு முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மூடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அத்தான் போன அன்று மதியம், தலை சுற்றுகிறது என்று உள்ளே போய்ப் படுத்தார். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாணவிகளின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்ப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நாடி பிடித்துப் பார்த்தாள், இல்லை. அழுதுகொண்டே அவளே துடைத்து உடை மாற்றினாள். தெரிந்த டாக்டர் வந்து, "நீங்க பார்த்துட்டீங்கல்ல சிஸ்டர்" என்று சொல்லி இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அக்கா பெட்டியில் எழுதினாள்: "அன்னிக்கு என்னைக் கூப்பிட்டீங்களா?"

மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம்கூட நின்றது.

பதில் வரவில்லை. ஈரக்கையின் மார்க்கை அக்கா திருத்தினாள், ஒப்புக்கொண்டாள், பெட்டி மூடியது. மூடியதும் புதிதாக ஒரு வீடியோ வந்து நின்றது. எண் இல்லை.

அலமாரியின் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு அறை. ஜன்னல் திரை பாதி இழுத்திருந்தது. கட்டில். நோயாளியின் முகத்தை மறைத்துக்கொண்டு, முதுகு காட்டி ஒரு பெண். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். பாத்திரத்துத் தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். நல்லது என்று அக்கா நினைத்தாள்; பழக்கத்தில் மார்க் போடத் தொடங்கிவிட்டிருந்தாள். "இப்ப கையைத் தூக்கறேன்" என்று அந்தப் பெண் நோயாளியிடம் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. சொல்லிவிட்டுத் தூக்கியதற்கு ஒரு மார்க்.

அப்புறம்தான் ஜன்னல் திரையின் பூ தெரிந்தது. அது இந்த வீட்டுத் திரை. அந்த முதுகு தன்னுடையது.

குறிப்புகள் வரத் தொடங்கின.

தண்ணீர் இதமாக இருக்கிறது.

கையைத் தூக்கும்போது நோயாளியின் விரல் மடங்கியது. மாணவி பார்க்கவில்லை.

நோயாளி கூப்பிடுகிறார். சத்தம் வரவில்லை.

மாணவி அழுதுகொண்டிருக்கிறாள்.

அக்கா நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. கட்டிலில் இருக்கிற விரலைப் பார்த்தாள். மடங்கியது. கொஞ்சம். ஒரு தடவை. மறுபடி.

திரையில் இருந்தவள் நோயாளியின் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டாள். தலைமுடியைச் சீவினாள். தாடையைத் துணியால் கட்டினாள். மிக அழகாகக் கட்டினாள்.

இனி கூப்பிட முடியாது.

வீடியோ முடிந்தது. மார்க் கேட்டது. அக்கா பூஜ்யம் போட்டாள். பக்கத்தில் பாஸ் மார்க் இருந்தது. பெட்டி திறந்தது.

"அவளுக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தது. "விட்டுவிடு."

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

ஈரக்கை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள், நல்ல பெயர் எடுத்திருக்கிறாளாம். ஒருங்கிணைப்பாளர் அத்தான் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார், அதற்கு மன்னிப்பும் கேட்டார். டாக்டர் வெளியூர் போய்விட்டார். வீட்டுக்கு வேறு குடும்பம் குடிவந்திருக்கிறது. அக்கா என்னோடு இருக்கிறாள்; வேலையை விட்டுவிட்டாள், சாய்ந்து படுக்க மாட்டாள், உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். லேப்டாப் என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, நான் அதைத் திறந்தேன். வீடியோ எப்போதோ முடிந்து திரை கறுத்திருந்தது. குறிப்புகள் மட்டும் அதற்குப் பிறகும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

இருட்டாக இருக்கிறது.

நோயாளி விழித்திருக்கிறார்.

மாணவி வரவில்லை.

நோயாளி விழித்திருக்கிறார்.