நான்காவது சக்கரம்

தகரப் பயல் சாயாமல் நின்றான்.

அதுதான் முதல் கோளாறு. பத்து நிமிடம் முன்பு வேலை மேசையில் வைத்தபோது, ஸ்கேட்போர்டின் மேல் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கும் அந்தச் சாவிப் பொம்மை வலது பக்கம் சரிந்துதான் இருந்தது. சரியாமல் என்ன செய்யும்? இருப்பது மூன்று சக்கரம். நான்காவதைத் தேடி மாடிப்படி முழுக்கத் தவழ்ந்துவிட்டு, கடிகாரக்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறார். பயலோ நூல் பிடித்து நிறுத்தியதுபோல நிற்கிறான்.

கடிகாரம் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். பழைய பொம்மை சேகரிப்பவர்கள் மத்தியில் அவர் பெயர் பூதக்கண்ணாடி. வலது கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டாரானால் கடுகைப் பிளந்து உள்ளே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். முப்பது வருடமாக வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒற்றைக் கண்ணால்தான். இடது கண் சும்மா துணைக்கு வந்த சம்பந்தி மாதிரி.

அலமாரி நிறைய ஸ்கேட்போர்டு ஓட்டிகள். குரங்கு ஓட்டும், யானை ஓட்டும், கரடி வயிற்றை அமுக்கினால் மிட்டாய் துப்பிக்கொண்டே ஓட்டும். அலாரம் அடித்தால் பலகையோடு குட்டிக்கரணம் போடும் பென்குயின் கடிகாரம்கூட உண்டு. இதில் ஒன்றைக்கூட அவர் நேர்வழியில் வாங்கியதில்லை. பேசிக்கொண்டே பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு சக்கரமோ தொப்பியோ சத்தமில்லாமல் அவர் பைக்குள் குடியேறிவிடும். அப்புறம் உதட்டைப் பிதுக்கி, "ஒண்ணு குறையுதே" என்பார். குறைப்பட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தள்ளிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் திரும்ப மாட்டிவிடுவார். பொம்மைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை என்பது அவருடைய கட்சி.

இன்று காலையும் அதே வித்தைதான். புருஷனை இழந்த ஒரு வயதான அம்மாள், கண்ணாடிப் பெட்டியிலிருந்து பயலை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

"போன வாரம் துடைக்கும்போது நாலும் இருந்துச்சே தம்பி."

"வயசானா கண்ணு ஏமாத்தும்மா."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "இருக்கும். உங்களுது நல்ல கண்ணு. சும்மாவே எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், இவன் குறையோட இருக்க மாட்டான், எங்கிருந்தாவது எடுத்து மாட்டிக்குவான்னு."

கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று படி இறங்கும்வரை சிரித்தார். வீட்டுக்கு வந்து பைக்குள் கைவிட்டபோது விரல் தொடையில் இடித்தது. ஓட்டை. சக்கரம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முதல்முறையாக, அவர் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது.

இப்போது குனிந்து பார்த்தார். நான்காவது அச்சில் வெள்ளையாக ஏதோ இருந்தது. சட்டைப் பொத்தான். தன் மணிக்கட்டைத் திருப்பினார். அங்கே நூல் மட்டும் தொங்கியது.

தையல் கடையில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார். "நீ நடுவுல வீட்டுக்கு வந்தியா?"

"மழை கொட்டுது, நான் என்ன நீந்தியா வருவேன்? ஏன்?"

"ஒண்ணுமில்ல. என் பேன்ட் பை ஓட்டையா இருக்கு."

"ஊர்க் கிழிசலை எல்லாம் தைக்கிறேன், உங்க கிழிசலை மட்டும் காட்ட மாட்டீங்க. இப்ப என்ன விழுந்துச்சு, மானமா?"

"தரையெல்லாம் குண்டூசி போட்டு வச்சிருக்கற, நீ பேசாத!" என்று வைத்துவிட்டார். அவள் சிரிப்பு காதில் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்தது.

பொத்தானைப் பிடுங்கி எறிந்தார். பயலை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மணிதான், ஆனால் மழை வானத்தைத் துணி மூட்டையாகக் கட்டி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மின்சாரம் போனது. பொம்மைகளின் எண்ணெய் வாசமும் பழைய ரப்பரின் கசப்பும் ஈரச் சுவரின் நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. பழுது பார்க்க எடுத்துவைத்திருந்த கடிகாரங்கள் எல்லாம் ஏதோ ஒன்றைக் கேட்பதற்காகத் துடிப்பைத் தாழ்த்திக்கொண்டதுபோல இருந்தது.

சர்ர்ர்... கடக். சர்ர்ர்... கடக்.

மேசைமேல்தான். சப்பாணி நடை. அவர் வாய்க்குள் நாக்கு பின்பக்கம் நகர்ந்தது, கடைவாய்ப் பல்லைத் தேடியது. பள்ளம். வலியில்லை, ரத்தமில்லை. நேற்றுவரை கொட்டை உடைத்த பல், மஞ்சளாக, பயலின் நான்காவது அச்சில், மேசைமேல் உருள முடியாமல் உருண்டுகொண்டிருந்தது.

பயல் நின்றான். பல்லை உதறினான். அது மேசையில் துள்ளி விழுந்தது.

பிடிக்கவில்லை. உருண்டையாக வேண்டும் அவனுக்கு.

"தரேன்டா, தரேன்," என்றார். அலமாரியைத் திறந்து, குரங்கின் பலகையிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். அச்சின் அளவு பார்க்க வேண்டும். பழக்கம் விடுமா? லென்ஸை வலது கண்ணில் மாட்டிக் குனிந்தார்.

லென்ஸ் முழுக்கப் பயலின் முகம். சாயம் உரிந்த கன்னம். தகர உதடு. காலையில் அது நேராகத்தான் இருந்தது. இப்போது பிதுங்கியிருந்தது.

அப்படி உதட்டைப் பிதுக்குவது யாருடைய வழக்கம் என்று அவருக்குத் தெரிந்தது.

டிக்.

கடிகாரத்தின் மேல்கண்ணாடியை நெம்பி எடுக்கும்போது வருமே, அந்தச் சத்தம். தினமும் அவரே எழுப்பும் சத்தம். இவ்வளவு அருகில் கேட்டதில்லை.

லென்ஸில் ஆவி படிந்துவிட்டது என்று நினைத்தார். கழற்றினார். இருட்டு கழலவில்லை. வலது கண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். வழவழவென்று ஒரு குழி. காய்ந்த, சுத்தமான குழி. தேர்ந்த வேலைக்காரன் கை.

இடது கண்ணால் மேசையைப் பார்த்தார். குரங்குச் சக்கரம் இருந்தது. பல் இருந்தது. பயல் இல்லை.

சத்தமும் இல்லை. சர்ர் இல்லை. கடக் இல்லை.

நான்கு சக்கரமும் சரியாக இருந்தால் சத்தம் வராது.

பிறகு இருட்டு வெளுத்தது. வலது பக்கம் மட்டும். அதில் அறை தெரியவில்லை, கூடம் தெரிந்தது. தரையோடு தரையாக. நாற்காலிக் கால் தூண் மாதிரி. வாசல் கதவு மலை மாதிரி. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு.

பூட்டு திறந்தது. நனைந்த செருப்பு இரண்டு, படகு படகாக உள்ளே வந்தன.

"கரன்ட் வந்துடுச்சு, ஏன் இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க?" விளக்கு எரிந்தது. வலித்தது. மூட முடியவில்லை. இமை இங்கே இருந்தது. கண் அங்கே.

"அட, இவனா புதுசு?" மனைவியின் முகம் வானத்திலிருந்து இறங்கியது. ஒரு மூக்குத் துவாரம் கிணறாக. "ஏங்க, சக்கரம் நாலும் இருக்கே! இது மட்டும் என்ன, ஈரமா?"

பெருவிரல் வந்தது. துடைத்தது.

அவர் அலறினார். "தொடாத! சாவி கொடுக்காத!"

"ஆமா, தொட்டா தேஞ்சு போயிடும். ஒரே ஒரு தடவை."

கிர்ரக். கிர்ரக். கிர்ரக். ஒவ்வொரு முறுக்கும் அவர் பிடரியில் கேட்டது. எழுந்தார். ஓடினார். ஒரு கண்ணில் கதவு, மறு கண்ணில் கூரை. எது எங்கே என்று தெரியாமல் அலமாரியில் மோதி விழுந்தார். பென்குயின் அடிக்க ஆரம்பித்தது.

"சும்மா கத்தாதீங்க, பாருங்க எப்படி ஓடுறான்!"

விட்டாள்.

தரை. கூரை. தரை. மணல் துகள் ஒவ்வொன்றும் பாறை. கூரை. தரை. அவள் கைதட்டல். கூரை.

தரை. தொலைவில், ஓடுகளின் இடுக்கில், கூர்முனை மேலாக, செங்குத்தாக மாட்டி நின்றது ஒரு குண்டூசி.

கூரை.

தரை. குண்டூசி, தென்னை உயரத்தில்.

கூரை.