முதுகுச்சாமிக்கு ஒரு பனியன்

“செத்துப்போன ஆளுக்கு என்ன சைஸ்னு எப்படித் தெரியும், அத்தான்?”

“உன் சைஸ்தான் எடுத்திருக்கேன். பத்தலைன்னா சாமி உன்ன மாதிரி வயித்த எக்கிப் போட்டுக்கிடட்டும்.”

“எனக்கு எங்க வயிறு இருக்கு? எங்க அக்கா வடிச்சுக் கொட்டுறதெல்லாம் உங்களுக்குத்தான.”

ஜெபக்குமார் சிரித்தபடி பைக்கை முறுக்கினான். பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயபாண்டி அவன் மனைவி ஜோதிகாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். மாமன் மச்சினன் இருவருக்கும் மண்ணரையில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. ஒருவன் கட்டிங் மாஸ்டர், மற்றவன் டெய்லர். காலையில் ஜோதிகா வாசல்வரை வந்து, “உங்க பாட்டன் கெடைக்காட்டியும் பரவால்ல. எந்தம்பிய முழுசா கொண்டாந்து சேத்துருங்க” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அந்தப் பாட்டனின் பெயர்கூட ஜெபக்குமாருக்குத் தெரியாது. தெற்கே அவர்கள் ஊரில் அவன் குடும்பத்துக்குத் தம்பூர்க்காரர் வீடு என்று பெயர். தம்பூர் என்றால் பட்டாளத்து முரசு. வெள்ளைக்காரன் காலத்தில் தண்டுமேட்டுப் பட்டாளத்தில் முரசடித்த ஒருவர் அங்கே வந்து குடியேறினாராம். ஏன் வந்தார் என்று கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். வாடகை வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே தேய்ந்துகொண்டிருந்த ஜெபக்குமாருக்கோ, தன் ரத்தத்தில் ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார் என்பது வெளியே சொல்லாத பெருமை. கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர்தான் சொன்னார், தண்டுமேட்டில் பழசைத் தேடிப் போகிறவர்கள் முதலில் முதுகுச்சாமிக்குப் புதுப் பனியன் ஒன்று மாட்டவேண்டும் என்று.

உடுமலைப்பேட்டை தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் தெரிந்தன. ஆடி மாதக் காற்றில் அவை எல்லாம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. தண்டுமேட்டுப் பக்கம் நின்றவை மட்டும் அசையவில்லை.

ஊர் சின்னதுதான். கூரை இடிந்த நீளமான சிப்பாய்க் கொட்டடிகள். எழுத்துத் தேய்ந்த வெள்ளைக்காரர் கல்லறைகள். நடுவில், சிப்பாய்கள் அணிவகுத்து நின்ற, ஒரு புல்கூட முளைக்காத கவாத்து மைதானம். பட்டப்பகல் வெயிலில் அங்கே நனைந்த தோலின் வாடை அடித்தது.

மைதானத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கல்தூண் இருந்தது. அதில் செதுக்கியிருந்த மனிதனுக்கு முகம் இல்லை. கும்பிட வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, தூணோடு ஒட்டி நின்றான். முதுகு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். பக்கத்து வேம்பில் கட்டிய கம்பிகளில் பனியன்கள் தொங்கின. வெளுத்தவை, கிழிந்தவை, ஏற்றுமதிக்குப் போட்ட படத்தோடு இருந்தவை. காற்றே இல்லை. ஆனாலும் எல்லாப் பனியன்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

ஜெபக்குமார் தான் கொண்டுவந்ததை மாட்டிவிட்டுக் கும்பிட்டான். அப்போதுதான் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற சாரதாமணி வந்தாள். அந்த ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும்.

“புதுசு தானுங்களே?”

“ஆமாக்கா. கம்பெனில இருந்து நேரா வருது. சாம்பிள் பீஸ்.”

“ஆரும் போட்டுப் பாக்கலீங்களே?”

ஜெயபாண்டி சிரித்தான். “நாந்தான் போட்டுப் பாத்தேன். எங்க கம்பெனில எந்த சாம்பிள் தச்சாலும் என் ஒடம்புலதான் ஃபிட்டிங் பாப்பாங்க. அஞ்சு நிமிசம்கூட இருக்காது. அதெல்லாம் போட்ட கணக்கா?”

பனியன் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சாம்பிள் என்பது போட்டதில் சேராது. சாரதாமணியின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்து தரையில் வழிந்தது.

“அளவு குடுத்துப்போட்டீங்களே, சாமி,” என்றாள் மெதுவாக. “போட்ட துணிய வெச்சா அந்த முதுகு இவருக்குத் தெரிஞ்சுபோகுமுங்க. எறக்குங்க. மொதல்ல அத எறக்குங்க.”

ஜெபக்குமார் எட்டி எடுத்தான்.

பனியன் சூடாக இருந்தது.

முதுகுப் பக்கம் நனைந்து கனத்தது. விரலைப் பார்த்தான். சிவப்பு.

“இவரு யாருக்கா?” ஜெயபாண்டியின் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

“சிப்பாயிங்க. தொரைய எதுத்துப் பேசிப்போட்டாருன்னு இந்தத் தூணுல கட்டி அடிச்சாங்க. அந்தப் பட்டாளத்துல சாட்டையடி அடிக்கறது தம்பூர்க்காரன் வேலைங்களாமா. பாதி அடியிலயே உசுரு போயிருச்சு. மீதியவும் அடிடான்னு தொரை சொன்னானாம். பொணத்த அடிக்க மாட்டேன்னு தம்பூர்க்காரன் சாட்டையப் போட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டான். அவன் திரும்பி வந்து மீதிய அடிச்சு முடிக்கற வரைக்கும் கவாத்து கலையாதுன்னு தொரை இங்கயே நிக்கறானுங்க.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எந்த ஊட்டுக்காரருங்க?”

ஜெபக்குமார் பனியனைக் கீழே போட்டான். ஜெயபாண்டிதான் சொன்னான். “தம்பூர்க்காரர் வீடு.”

சாரதாமணி விளக்கை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஓடினாள்.

“வாலே மாப்ளே, கெளம்புவோம்,” என்று திரும்பினான் ஜெபக்குமார்.

ஜெயபாண்டி தூணின் அருகே நின்றான். அவன் கைகள் மேலே உயர்ந்திருந்தன.

“அத்தான், யாரோ கையப் புடிச்சிருக்காங்க.”

யாரும் இல்லை. அவன் மணிக்கட்டுகளில் மட்டும் கயிறு இறுகியது போலத் தோல் குழிந்து வெளுத்தது. சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்து இரண்டு பக்கமும் விழுந்தது.

அப்போது முரசு கேட்டது.

மைதானம் முழுக்க, கால்களுக்குக் கீழே இருந்து, நிதானமாக ஒலித்தது. ஜெபக்குமாரின் இதயம் அதற்கு ஏற்றபடி துடிக்க ஆரம்பித்தது. அவன் வலது கையில் பைக்கில் மூட்டை கட்டும் நைலான் கயிறு இருந்தது. அதை எப்போது எடுத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கை உயர்ந்தது.

முதல் அடியில் ஜெயபாண்டி கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தான். இரண்டாவதில் தோல் பிளந்தது. மூன்றாவதில் ரத்தம் ஜெபக்குமாரின் உதட்டில் தெறித்தது, உப்புக் கரித்தது. அடிக்கும் அடிக்கும் நடுவே பிடரிக்குப் பின்னால் ஒரு குரல் ஆங்கிலத்தில் எண்ணியது. கோபமே இல்லாத குரல். மூட்டை எண்ணி லாரியில் ஏற்றுகிறவன் குரல்.

“அத்தான். நாந்தான் அத்தான்.”

இடக்கையால் வலக்கையைப் பிடித்து இழுத்தான். முடியவில்லை. குனிந்து தன் மணிக்கட்டைக் கடித்தான். பல் நரம்பில் இறங்கியது. வலித்தது. ஆனாலும் கை அவன் பல்லிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே போனது. ஜெயபாண்டியின் முதுகில் சதை நூல் நூலாகத் தொங்கியது. தலை தொங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் இவனும் பிணம்தான். அப்போதும் குரல் நிறுத்தாது.

கீழே கிடந்த கருங்கல்லை இடக்கையால் எடுத்தான். அடித்துவிட்டு இறங்கிய வலக்கை தூணில் உரசிய நொடியில், விரல்களின் மேல் ஓங்கிப் போட்டான். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. கயிறு விழவில்லை. மறுபடியும் போட்டான். பிறகும் போட்டான், கை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போகும் வரைக்கும்.

முரசு நின்றது.

ஜெயபாண்டி குப்புற விழுந்தான். மூச்சு இருந்தது.

பைக் சரிந்து முள்கம்பி வேலியில் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் ஜெயபாண்டியே சொன்னான். டாக்டர் அந்த முதுகின் கோடுகளை நெடுநேரம் பார்த்தார். எல்லாம் ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் இருந்தன. வேறு எதுவும் கேட்கவில்லை. ஜோதிகாவிடமும் அதையேதான் சொன்னார்கள். தம்பி உயிரோடு வந்ததே போதும் என்று அவள் இருவரையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பத்து நாள் போல ஆகியிருக்கும். மண்ணரை வீட்டில் மத்தியான வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் விழுந்திருந்தது. தெருவில் மீன்காரர் விலை கூவிக்கொண்டு போனார். ஜெயபாண்டி குப்புறப் படுத்துத் தூங்கினான். ஜோதிகா பக்கத்தில் குனிந்து பழைய கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைத்தாள். துடைக்கக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணி ஒரு கூடை நிறைய இருந்தது.

மாவுக்கட்டுப் போட்ட வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபக்குமார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பழுப்பாக வடிந்த சீழைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தான்.

அவன் இடக்கை கூடைக்குள் இருந்தது.

பனியன் துணியை நீளமாகக் கிழித்து இழுத்தால் ஓரம் தானாகவே சுருண்டு கயிறாகிவிடும். அந்தக் கை அப்படித்தான் ஒவ்வொரு துண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்து, நாற்காலிக் காலுக்கும் தொடைக்கும் நடுவே இடுக்கி, நுனியில் இறுக்கமாக முடிச்சுப் போட்டது. அவனுக்கு இடக்கையால் சட்டைப் பொத்தான்கூடப் போட வராது. ஏற்கெனவே ஒரு கொத்துக் கயிறுகள் தரையில் கிடந்தன. கை அவற்றைச் சேர்த்து அடிப்பக்கத்தில் பிடியாகச் சுற்றியது. பிடித்துப் பார்த்தது. கனம் போதவில்லை என்பதுபோல இன்னொரு துண்டை எடுத்தது.

அறையில் நனைந்த தோலின் வாடை எழுந்தது.

ஜோதிகா இவன் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். வியர்வையில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

“ஜோதி,” என்றான்.

“ம்?” என்றாள், திரும்பாமல்.

“இந்தக் கையையும் கட்டிப் போட்டுரு.”