கேட்காமல் கிடைத்த மன்னிப்பு

ஆம்பூர்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் நாடகம் போட்டார்கள். ராணி வேடம் சானியாவுக்கு. போரில் தோற்றுச் சிறைப்பட்ட தளபதி வேடம் ஆல்வினுக்கு.

பழைய காலத்து ராஜா ராணி கதைதான். தளபதி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பான். ராணி மன்னித்து விலங்கை அவிழ்ப்பாள்.

ஆனால் ஆல்வினை மன்னிக்கும் எண்ணமே சானியாவுக்கு இல்லை. அவள் வீட்டில் உருது பேசுவார்கள். முதல் ஒத்திகையில் "நாடு வாழ்க" என்பது அவள் வாயில் "நாடு வால்க" என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் போகும் இடமெல்லாம் ஆல்வின் பின்னால் வந்து, இல்லாத வாலை ஆட்டிக் காட்டினான். வகுப்பே சிரித்தது. சானியா கழிப்பறைக்குள் போய் அழுதாள். பிறகு இரண்டு வாரம் நாக்கை மடித்து மடித்துப் பழகினாள்.

"அவன் மேடையில வசனத்த மறக்கட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன்," என்று தோழி குர்ஷித்திடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

விழா நாளில் அப்படியே நடந்தது.

வீரர்கள் தளபதியை இழுத்து வந்தார்கள். ஆல்வின் மண்டியிட்டான். வாயைத் திறந்தான். வசனம் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கமலம் டீச்சர் மெதுவாக எடுத்துக் கொடுத்தது, மேடை நடுவில் இருந்த அவனுக்குக் கேட்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். அட்டை விலங்கு மாட்டிய கைகளோடு அவன் திரைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும் என்று சானியா நினைத்தாள். அப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். கழிப்பறைக் கண்ணாடியில் அன்று அவள் பார்த்த தன் முகம் போலவே அது இருந்தது.

சிம்மாசனத்திலிருந்து அவள் இறங்கி வந்தாள். நாடகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.

"தளபதியே, உனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால்தான் தருவேன் என்று நான் சொன்னேனா? எழுந்திரு. நீ போகலாம்."

சொல்லிவிட்டு விலங்கை அவிழ்த்தாள்.

ஆல்வின் எழுந்தான். அவனுக்கு எழுதிக் கொடுத்த வசனம் அப்போதும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"தப்பு என்னுதுதான், சானியா. இனிமே அப்படிப் பண்ண மாட்டேன்."

ராணியின் பெயர் எப்போது சானியா ஆனது என்று யாரும் கேட்கவில்லை. ஷூ கம்பெனியிலிருந்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்த அவள் அம்மாதான் முதலில் எழுந்து கைதட்டினார். அடுத்த நொடி கூடமே எழுந்து நின்றது.

அந்தக் கைதட்டலில் மேடைப் பலகை அதிர்ந்தது. சானியா தலை நிமிர்ந்து, கூடம் முழுவதற்கும் ஒரு சலாம் வைத்தாள்.